ஆரியாவர்த்தத்தின் நாக்கு

ஆரியாவர்த்தம் என்னும் பெயரை நம் முன்னோடிகள் மேடையிலும் ஏட்டிலும் எடுத்துக் கூறியபொழுதெல்லாம், இல்லாத பேயைக் காட்டி அச்சுறுத்துகிறார்கள் என்று நகையாடியவர் பலர். அந் நகைப்புக்கு விடையை இன்று வடவரே எழுதித் தந்துவிட்டனர். 2019 (தி.பி. 2050) சூன் 14-ஆம் நாள் நெட்பிளிக்சு நிறுவனம் வெளியிட்ட ‘இலைலா’ என்னும் ஆறு பகுதித் தொடர்படத்தில், 2047-ஆம் ஆண்டளவில் நாட்டின் பெயரே ஆரியாவர்த்தம் என மாறிக் கிடக்கிறது. இப் பெயரைச் சூட்டியவர் தமிழ்த் தேசியர் அல்லர். திராவிட இயக்கத்தாரும் அல்லர். மும்பையிலும் தில்லியிலும் கதை எழுதிப் படம் எடுத்துப் பிழைப்பவர்கள். கொடுங்கோன்மைக்கு ஒரு பெயர் தேடியபொழுது, அவர்களுக்கும் அப் பெயரே பொருத்தமாகப் பட்டிருக்கிறது!

இத் தொடர்படத்தின் மூலம், பிரயாகு அக்பர் என்பார் ஆங்கிலத்தில் எழுதி 2017-இல் வெளிவந்த புதினம். அதனை ஊர்மி சூவேக்கர் திரைக்காக மாற்றி அமைத்தார். தீபா மேத்தா, சங்கர் இராமன், பவன் குமார் ஆகிய மூவர் பகுதிகளைப் பகிர்ந்துகொண்டு இயக்கினர். கதை இதுதான்: சாலினி என்னும் இந்துப் பெண், இரிசுவான் என்னும் முசுலிமை மணந்து வாழ்கிறாள். ஊரெல்லாம் குடிநீர்ப் பஞ்சம். ஒருநாள் அடியாட்கள் வீடு புகுகின்றனர், கணவன் கொல்லப்படுகிறான், மகள் இலைலா பறிபோகிறாள், கலப்பு மணம் செய்த குற்றத்திற்காகச் சாலினியைத் ‘தூய்மை’ செய்யும் அடைப்பிடத்திற்கு இழுத்துச் செல்கின்றனர். அங்கிருந்து தப்பி மகளைத் தேடி அவள் அலைவதே எஞ்சிய கதை. சோசி என்னும் ஒற்றைத் தலைவனின் முகம் எங்கும் தொங்குகிறது. செல்வர் வாழும் பகுதிக்கு மட்டும் குளிர்காற்றுக் கூரை அமைக்கத் திட்டம் நடக்கிறது. வெளியில் கிடக்கும் ஏழைகள் அக் கூரை கக்கும் வெப்பத்தில் வெந்து சாகட்டும் என்பது ஏற்பாடு.

துணிவான படம் என்பதில் ஐயமில்லை. இந்துக்களை இழிவுபடுத்துகிறது, தடை செய்க என்று வடக்கே கூச்சல் எழுந்தது. அக் கூச்சலே படம் சுட வேண்டிய இடத்தைச் சுட்டிருக்கிறது என்பதற்குச் சான்று. கலப்பு மணத்தைக் குற்றமாக்கும் கூட்டம், தூய குருதி என்னும் பொய், பெண்ணின் கருப்பையைக் காவல் காப்பதே ஆட்சி என்று எண்ணும் மடமை ஆகியவற்றை அது அஞ்சாமல் காட்டுகிறது. எனவே, நாம் அதனைப் பழிக்க வரவில்லை. நம் இளைஞர் அதனைப் பார்த்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால், பார்க்கும்பொழுது ஒன்றைக் கேட்டுக்கொண்டே பார்த்தல் வேண்டும்: இந்த ஆரியாவர்த்தம் எந்த மொழியில் ஆள்கிறது?

இந்தியில் ஆள்கிறது. சரி, கொடுங்கோலன் வேறு எந்த மொழியில் ஆள்வான்? அதனை எதிர்ப்பவன் எந்த மொழியில் எதிர்க்கிறான்? அவனும் இந்தியில்தான் எதிர்க்கிறான். அடைபட்ட பெண் அழுவதும் இந்தியில். குப்பை மேட்டில் உழல்பவன் பேசுவதும் இந்தியில். இடையிடையே மேட்டுக்குடியினர் ஆங்கிலம் கலந்து பேசுகின்றனர். சமயத்தைப் பறிக்கிறார்கள், குடும்பத்தைப் பறிக்கிறார்கள், நீரைப் பறிக்கிறார்கள், பிள்ளையைப் பறிக்கிறார்கள். இத்தனையும் பறிக்கும் ஓர் அரசு எவனுடைய மொழியையாவது பறித்ததாக அக் கதையின் உயிர்முடிச்சில் ஓரிடமும் இல்லை. ஏனெனில், அதனை எடுத்தவர்களுக்கு மொழி பறிபோகும் என்னும் அச்சமே இல்லை. மீனுக்கு நீர் தெரியாததுபோல், இந்தியிலேயே வாழ்பவனுக்கு இந்தி ஓர் ஆட்சிக் கருவி என்பது தெரிவதில்லை. இஃது அவர்கள் வேண்டுமென்று செய்த சூழ்ச்சி என நாம் கூறவில்லை. சூழ்ச்சியாயின் தோலுரித்து விடலாம், இவர்களோ நல்லெண்ணமுடையவர்கள். நல்லெண்ணமுடையவர் கண்ணுக்கும் நம் மொழிச் சிக்கல் படவில்லை என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இங்கே ஒரு முரண் உண்டு. ஆரியாவர்த்தம் எது என்பதற்கு மனுநூலே எல்லை வகுத்துள்ளது. வடக்கே இமயம், தெற்கே விந்தியம், கீழும் மேலும் கடல்கள். அவற்றின் இடைப்பட்ட நிலமே ஆரியாவர்த்தம் என்று அதன் இரண்டாம் பகுதி கூறுகிறது. விந்தியத்துக்குத் தெற்கே ஓரடி நிலமும் அதில் சேராது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரமோ வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாக வைத்துத் தமிழ் வழங்கும் நிலத்தைத் தனியே வரைந்தது. ஆக, அவர்கள் நூலின்படியும் நாம் வெளியார். நம் நூலின்படியும் நாம் வேறானவர். இதில் இருவருக்கும் வழக்கே இல்லை. நாடு முழுமைக்கும் ஆரியாவர்த்தம் என்று பெயர் சூட்டிய படத்தார், அப் பெயருக்குள் அடங்காத ஒரு நிலம் தெற்கே கிடக்கிறதே, அதன் மக்கள் அப்பொழுது என்ன ஆனார்கள் என்று ஒரு காட்சியேனும் எண்ணியிருக்கலாம்.

இவற்றை நாம் காஞ்சி மண்ணிலிருந்து எழுதுகிறோம். 1942-இல் ‘திராவிட நாடு’ கிழமை இதழைக் காஞ்சியிலிருந்து தொடங்கிய அண்ணாதுரை, ‘ஆரிய மாயை’ என்னும் நூலை எழுதியதற்காக 1950-இல் வழக்கிற்கும் சிறைக்கும் ஆளானார். அவர் இயக்கத்தாரோடு நமக்கு ஆயிரம் வேறுபாடுகள் உண்டு. தனித்தமிழ் நாட்டை அவர்கள் கைகழுவியதும், ஆட்சி வந்தபின் ஆங்கிலப் பள்ளிகளைப் பெருகவிட்டதும் சிறிய பிழைகள் அல்ல. ஆயினும், ஆரியத்தைப் பற்றி எழுதிய நூலொன்று அரசை நடுங்க வைத்தது இவ்வூரில். அதனை நினைவுகூர்ந்த பின்பே, இன்றைய படத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வாலாசாபாத்து என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆற்காட்டு நவாபு முகமதலியின் பட்டப்பெயர் வாலாசா. அவர் பெயரால் அமைந்த ஊர் இது. பின்னர் கும்பினிப் படை இங்கே பாசறை இட்டிருந்தது. ஆண்டவன் மாறிய பொழுதெல்லாம் ஊருக்குப் பெயர் வைப்பது ஆள்பவன் வழக்கம். ஆனால், நவாபு ஊர்ப் பெயரைத்தான் மாற்றினார். பாலாற்றங்கரையில் பாவு நீட்டியவன் நாக்கை மாற்றவில்லை. வெள்ளையன் வரியைக் கேட்டான். வழக்குமன்றத்தில் ஆங்கிலத்தைப் புகுத்தினான். அவனும் தறிக்குழியில் அமர்ந்திருந்தவன் வீட்டுப் பேச்சில் கைவைக்கவில்லை. நாக்கிலேயே கைவைக்கத் துணிந்தவர்கள் விடுதலை பெற்றுத் தருவதாகக் கூறிக்கொண்டு வந்தவர்கள்தாம். 1938-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. மறு ஆண்டிலேயே நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தனர். 1964 சனவரி 25-இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சியில் தம்மைத் தாமே எரியூட்டிக்கொண்டார். அடுத்த ஆண்டு தமிழகமே எரிந்தது. இவ்வளவும் நடந்த ஒரு நாட்டைப் பற்றி வருங்கால எச்சரிக்கை எழுதப் புகுந்தவர்களுக்கு, இவற்றுள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை!

அயல்நாட்டார் இதில் நம்மினும் தெளிவாக இருந்தனர். ஆங்கிலேயராகிய சார்சு ஆர்வெல் எழுதி 1949-இல் வெளிவந்த ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு’ என்னும் புதினத்தில், கொடுங்கோல் அரசு முதலில் செய்யும் வேலை மொழியைச் சுருக்குவதுதான். ஆண்டுதோறும் அகரமுதலி மெலிந்துகொண்டே போகிறது. விடுதலை என்னும் எண்ணத்துக்குரிய சொல் இல்லாமற் போனால் அவ் எண்ணமே எவனுக்கும் தோன்றாது என்பது அவ் அரசின் கணக்கு. 1984-ஆம் ஆண்டிலேயே அது மைக்கேல் இராட்போர்டு இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. சொல்லழிந்தால் கருத்தழியும் என்று தனித்தமிழ் இயக்கத்தார் 1916 முதல் கூறி வருவதை, இங்கே படித்தவர்களே ‘வெறி’ என்றனர். ஆர்வெல் எழுதினால் அது பேரிலக்கியம். மறைமலையடிகள் கூறினால் அது வெறி! ஈழத்தில் சிங்களக் காடையர்க்கு இவ் உண்மை நன்றாகவே தெரிந்திருந்தது. 1981-இல் அவர்கள் யாழ்ப்பாணம் வந்தபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் இருந்த நூலகத்தைக் கொளுத்தினர். ஓரினத்தை ஒடுக்க வந்தவன் முதலில் எதைத் தேடினான் என்பதை அந்தச் சாம்பலில் பார்க்கலாம்.

இலைலா காட்டாத ஆரியாவர்த்தம் 2047-க்குக் காத்திருக்கவும் இல்லை. 2024 சூலை முதல் நாளிலிருந்து குற்றவியல் சட்டங்கள் மூன்றும் பாரதிய நியாய சங்கிதை என்பது போன்ற பெயர்களுடன் நடப்புக்கு வந்துவிட்டன. ஆங்கில எழுத்தில் எழுதினாலும் அப் பெயர்கள் வடமொழிப் பெயர்களே. நம்மூர்க் காவல் நிலையத்தில் குற்றஞ்சாட்டப்படும் தமிழன், தன்மீது பாய்ந்த சட்டத்தின் பெயரைக்கூடத் தன் வாயால் ஒலிக்க முடியாமல் நிற்கிறான். மும்மொழிக் கொள்கையை ஏற்க மறுத்ததால், பள்ளிக்கல்வித் திட்டத்திற்கு வரவேண்டிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்தி வைத்துவிட்டது என்று 2025-இல் தமிழக அரசே முறையிட்டது. வரி நம்முடையது, பிள்ளைகள் நம்முடையவர்கள், இந்த மொழியைக் கற்றால்தான் காசு என்பது அவர்களுடைய கட்டளை. அடியாட்கள் இல்லை, அடைப்பிடம் இல்லை, குருதி இல்லை. ஒரு கோப்பில் ஒரு கையெழுத்து. வருங்காலக் கொடுமையைத் திரையில் காட்ட விரும்புவோர்க்கு இக் காட்சி சுவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் நாம் வாழும் ஆரியாவர்த்தம் இப்படித்தான் இருக்கிறது.

“கதை நடப்பது வடநாட்டு நகரொன்றில், ஆங்கே மாந்தர் இந்தி பேசாமல் தமிழா பேசுவார்?” என்று நம் அன்பர் சிலரே கேட்பர். கேட்கத் தக்க கேள்விதான். ஆனால், நாட்டுக்கே புதுப்பெயர் சூட்டிய கதை ஒரு நகருக்குள் ஒடுங்கிவிட்டது என்பது விடையாகாது. எதிர்ப்பியக்கத்தின் மறைந்த முகமாக வரும் பானு என்னும் கதைமாந்தராக நடித்தவர் சென்னையிற் பிறந்த சித்தார்த்து. இயக்கிய மூவருள் பவன் குமார் கன்னடத் திரையிலிருந்து வந்தவர். தெற்கிலிருந்து முகத்தையும் கைத்திறனையும் எடுத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெற்கின் நாக்கு மட்டும் வேண்டியிருக்கவில்லை. சித்தார்த்து நன்றாகவே நடித்திருக்கிறார். அவர் இந்தியில் பேசிப் புரட்சி செய்கிறார். தமிழன் இந்தியாவின் விடுதலைக்குப் போராட வேண்டுமாயினும் முதலில் இந்தி கற்றாக வேண்டும் போலும்!

மூலப் புதினத்தில் தமிழர்க்கு ஓரிடம் உண்டு. அதையும் கூறாமல் விட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். அப் புதினத்தின் நகரில் ஒவ்வொரு குலத்தாரும் சமயத்தாரும் தத்தமக்கென மதிலெழுப்பித் தனித்தனிப் பகுதிகளாக வாழ்கின்றனர். அப் பகுதிகளின் வரிசையில் தமிழ்ப் பார்ப்பனர் பகுதி என ஒன்றும் வருகிறது. தில்லியிலிருந்து பார்ப்பவர்க்குத் தமிழன் என்றால் தெரிவது அவ்வளவே. உழவனும் நெசவனும் மீனவனும் சேரியில் வாழ்பவனும் தமிழர் என்னும் கணக்கிலேயே இல்லை. இது அயலார் பார்வையின் குறுக்கம் என்று சினந்துவிட்டு மேலே போய்விடலாம். போகக் கூடாது, ஏனெனில் அம் மதில்கள் நம் ஊர்களில் ஏற்கெனவே நிற்கின்றன.

புதினத்துக்கும் படத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இதில்தான் இருக்கிறது. புதினத்தில் மதிலை எழுப்பக் கேட்டவர்கள் அந்தந்தக் குலத்தாரே. தங்கள் தூய்மையைக் காக்கத் தாங்களே விரும்பிச் சுவருக்குள் புகுந்தனர். படமோ அப் பழியின் பெரும்பகுதியைச் சோசி என்னும் ஒரு தலைவன் தலையில் ஏற்றிவிட்டது. தலைவன் ஒழிந்தால் தீமை ஒழியும் என்று பார்ப்பவன் எண்ணி உறங்கப் போகலாம். புதினம் அந்த உறக்கத்தைத் தரவில்லை. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவரை எந்தச் சோசி கட்டினான்? தமிழன்தான் தமிழனுக்கெதிராகக் கட்டினான். 2008 மே 6-இல் அதன் ஒரு பகுதியை இடிப்பதற்கு எத்தனை போராட்டம் வேண்டியிருந்தது! இலைலா வெளியான அதே 2019-இல், திசம்பர் 2-ஆம் நாள், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு வீட்டு மதில் மழையில் சரிந்து, தாழ்த்தப்பட்ட மக்கள் பதினேழு பேர் உறக்கத்திலேயே மாண்டனர். தீண்டாமைச் சுவர் என்று அவ்வூர் மக்கள் அதனைக் குற்றஞ்சாட்டினர். மொழியுரிமை பேசும் நம்மில் எத்தனை பேர் அன்று நடூருக்குப் போனோம்? தமிழ் ஒன்றே நம்மை ஒன்றாக்கும் என்கிறோம். ஊர்க் கிணற்றிலும் சுடுகாட்டிலும் அந்தத் தமிழ் எங்கே போகிறது?

வாலாசாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்தரமேரூர். முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. 2020 திசம்பர் 10-இல் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய தலைமை அமைச்சர் அக் கல்வெட்டைப் போற்றிப் பேசினார். நம்மவரும் மார்தட்டிக்கொண்டனர். கல்வெட்டைப் படித்தவர் எத்தனை பேர்? காணிக்கடன் கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவையும், அவற்றோடு வேத அறிவும் உடையவன் பெயரைத்தான் ஓலையில் எழுதலாம். அவ்வூர் சதுர்வேதிமங்கலம், அவை பார்ப்பனர் அவை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கி வைத்த அதன் ஒழுங்கு பாராட்டத் தக்கது; இன்றைய ஊராட்சிகள் அதனைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால், அந்நிலத்தை உழுதவன் பெயர் அக் குடத்தில் விழவே இல்லை. இலைலாவின் தூய்மைத் தேர்வு 2047-இன் புனைவு. நம் மண்ணில் அது 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டு. தில்லி இக் கல்வெட்டை விரும்புவதற்குரிய கரணியம் நமக்கு விளங்குகிறது. நாம் அதனைத் தமிழர் குடியாட்சி என்று எதையும் ஆராயாமல் கொண்டாடுவதுதான் விளங்கவில்லை.

சாலினியின் மகளுக்கு வருவோம். கதையின் உள்ளத்தைப் பிழிவது அவள்தான். தாயிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளை, பெற்றவளை அறியாமல் அவ் அரசின் பிள்ளையாக வளர்கிறாள். தாய் அவளைக் கண்டும் அவள் தாயைக் காணவில்லை. இக் காட்சியைக் கண்டு கண்ணீர் விடாதவர் இரார். ஆனால், இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காண நமக்குத் திரைப்படம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தமிழே படிக்காமல் பள்ளிப் படிப்பை முடிக்கலாம் என்னும் நிலை 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வரும் வரையில் இருந்தது. அதன் பின்னரும் நடுவணரசுப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பது தெரிந்ததே. இரவும் பகலும் தறியில் கால்தேய மிதித்துப் பட்டு நெய்யும் தாய், கூலியில் பாதியைக் கொண்டுபோய் ஆங்கில வழிப் பள்ளியில் கட்டுகிறாள். பத்தாண்டு சென்றபின் அவள் எழுதிய கடைக்கணக்கை அவள் மகனால் படிக்க முடியவில்லை. இங்கே பிள்ளையைப் பறித்தவன் எவன்? பறிக்கக் கொடுத்தவள் தாயேதான். அவளைக் குறை கூறவும் வாய் வரவில்லை. தமிழில் படித்தவனுக்குச் சோறில்லை என்று ஆக்கி வைத்தவர்கள் கோட்டையில் இருந்தவர்கள். அவர்களுள் தமிழ் பேசி ஆட்சிக்கு வந்தவர்களும் உண்டு.

ஆகவே, இலைலாவைப் போன்ற கதையொன்றைத் தமிழில் எடுக்க முன்வருவோர் வடவர் படத்தைப் பெயர்த்தெழுதினால் போதாது. அதில் மூன்று செய்திகள் வேண்டும். சட்டத்தின் பெயரை ஒலிக்கத் தெரியாமல் வழக்குமன்றத்தில் நிற்கும் ஒருவன் வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையே தமிழனே எழுப்பிய சுவர் வேண்டும். தாய்க் கையெழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளை வேண்டும். தலைவன் படம் தொங்கவே வேண்டியதில்லை. நம் பகுதியில் திரைத்தொழில் கற்று வேலையின்றி இருக்கும் இளைஞர் சிலரை நாம் அறிவோம். பெரும்பணம் வேண்டாத குறும்படமாகவேனும் இதனைச் செய்ய அவர்கள் எண்ணுவராயின், ஊரும் தறியும் நெசவாளர் வீடுகளும் இங்கே ஆயத்தமாக உள்ளன. அதற்குமுன், காஞ்சி வட்டாரத்து மன்றங்கள் இலைலாவை ஒருங்கே இருந்து பார்த்து, மேற்கூறிய கேள்விகளை வைத்து ஒரு மாலை உரையாடுமாறு வேண்டுகிறோம். உரையாட்டு தமிழில் நடக்கட்டும். சேரித் தெருவில் நடக்கட்டும்.